ஜாக் லெஸ்லி: ஆறு இரண்டாம் இடங்களும் ஒரு தொப்பியும்

பழைய கால்பந்துப் புள்ளிப்பட்டியல்களை வாசிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் யாருக்கும் புரியாத பழக்கம். நூறு வருடத்துக்கு முன்பு எந்த ஊர் எத்தனை கோல் அடித்தது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாதுதான். ஆனால் 1920களின் இங்கிலாந்து மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவைப் புரட்டும் யாரும் ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள். 1921-22இல் முதலிடம் சௌதாம்ப்டன், இரண்டாமிடம் பிளிமத் ஆர்கைல். அடுத்த வருடம் பிரிஸ்டல் சிட்டி, பிளிமத். அப்புறம் போர்ட்ஸ்மத், பிளிமத். ஸ்வான்சி, பிளிமத். ரெடிங், பிளிமத். 1926-27இல் மறுபடியும் பிரிஸ்டல் சிட்டி, மறுபடியும் பிளிமத்.

தொடர்ந்து ஆறு சீசன் இரண்டாம் இடம். இரண்டாம் இடத்துக்கு அன்று எந்தப் பரிசும் கிடையாது. முதலில் வரும் ஒரே ஒரு அணிதான் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறும். பிளே-ஆஃப் மாதிரி இரண்டாவது வாய்ப்பெல்லாம் பல பத்தாண்டுகள் கழித்து வந்த ஏற்பாடு. 1922இல் சௌதாம்ப்டனும் பிளிமத்தும் ஆளுக்கு 61 புள்ளி. புள்ளி சமமானால் அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்துப் பார்ப்பது அன்றைய வழக்கம். சௌதாம்ப்டன் 68 அடித்து 21 வாங்கியிருந்தது, பிளிமத் 63 அடித்து 24 வாங்கியிருந்தது. போயிற்று. 1925இல் ஒரு புள்ளியில் போயிற்று. 1926இலும் ஒரே புள்ளி.

இந்த அணியில் ஆடிய ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஜாக் லெஸ்லி. இடதுபக்க இன்சைட் ஃபார்வர்டு. பிளிமத்துக்காக 401 ஆட்டம், 137 கோல். இன்று இணையத்தில் இவர் பெயரைத் தேடினால் முதலில் வருவது இந்த எண்கள் அல்ல. 1925இல் இங்கிலாந்து அணிக்குத் தேர்வாகி, கறுப்பர் என்று தெரிந்ததும் நீக்கப்பட்டவர் என்ற செய்திதான் வரும். உண்மைதான், அதைச் சொல்லாமல் இவரைப் பற்றிப் பேச முடியாது. ஆனால் ஆடாத ஒரு ஆட்டத்தை வைத்தே ஒரு ஆட்டக்காரரை ஞாபகம் வைத்திருப்பது எனக்கு உறுத்துகிறது. அதனால் ஆடிய ஆட்டங்களிலிருந்து தொடங்குகிறேன்.

லெஸ்லி பிறந்தது 1901இல், கிழக்கு லண்டனின் கானிங் டவுனில். தேம்ஸ் நதியின் துறைமுகங்களை ஒட்டிய தொழிலாளர் பகுதி. அப்பா ஜமைக்காவிலிருந்து வந்தவர், அம்மா ஆங்கிலேயர். லெஸ்லி கற்ற தொழில் பாய்லர் செய்வது. உள்ளூரில் பார்க்கிங் டவுன் என்ற அமெச்சூர் அணிக்கு ஆடினார், கோல்களாக அடித்துத் தள்ளினார். 1921இல் பிளிமத் ஆர்கைலின் மேனேஜர் பாப் ஜாக் அவரை ஒப்பந்தம் செய்து கூட்டிக்கொண்டு போனார்.

பிளிமத் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. கடற்படைக்குப் பேர்போன ஊர், பக்கத்திலேயே டெவன்போர்ட் கப்பல் தளம். 1620இல் மேஃப்ளவர் கப்பல் அமெரிக்காவுக்குக் கிளம்பியது இங்கிருந்துதான், அதனால் அணிக்கு பில்கிரிம்ஸ் என்று செல்லப்பெயர். பச்சைச் சட்டை. லண்டன் பத்திரிகைக்காரர்களும் தேர்வாளர்களும் போகிற போக்கில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகிற இடம் இல்லை. வெளியூர் ஆட்டம் என்றால் வீரர்களுக்கு ரயிலில் மணிக்கணக்கான பயணம். கிளப்பே 1920இல்தான் லீகுக்குள் வந்திருந்தது.

அன்று தொழில்முறை ஆட்டக்காரருக்குச் சம்பள உச்சவரம்பு இருந்தது. 1922 முதல் சீசனில் வாரம் 8 பவுண்டு, கோடையில் 6. நாட்டிலேயே பெரிய நட்சத்திரமானாலும் விதிப்படி அதற்கு மேல் வாங்க முடியாது. அதிலும் ஒப்பந்தம் முடிந்த பிறகுகூட கிளப் விடாமல் வேறெங்கும் போக முடியாது. ஆட்டக்காரர் ஏன் பெரிய அணிக்குத் தாவவில்லை என்று இன்றைய கண்ணோடு கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

முதல் சில சீசன்களில் லெஸ்லிக்குக் கிடைத்த ஆட்டங்கள் கொஞ்சம். 1924-25 வாக்கில் அவர் இடம் உறுதியானது. அந்தச் சமயத்தில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேர்ந்தார் சாமி பிளாக் என்ற இடது விங்கர், குள்ளமான ஆள். இந்த இருவரும் சேர்ந்ததுதான் பிளிமத்தின் கதை.

அன்றைய அணிகள் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர் என்று நின்றன. அந்த ஐந்து பேரில் ஓரத்தில் நிற்பவர் விங்கர். அவருக்கும் நடு ஃபார்வர்டுக்கும் இடையில் நிற்பவர் இன்சைட் ஃபார்வர்டு. பின்னால் வந்து பந்தை வாங்க வேண்டும், விங்கருக்குத் தள்ள வேண்டும், திரும்ப ஓடிப்போய் கோல் வாயிலிலும் நிற்க வேண்டும். முதுகொடியும் வேலை. அந்த இடத்திலிருந்து ஒருவர் 137 கோல் அடிப்பது சாதாரணம் இல்லை. பக்கத்து ஓரத்தில் நின்ற பிளாக்கோ விங்கராக இருந்துகொண்டே கிளப்பின் வரலாற்றில் அதிக கோல் அடித்தவர் ஆனார், அந்தச் சாதனை இன்றும் அவருடையது. இருவரும் பத்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் ஆடினார்கள். அவர்களைத் தடுக்க நின்ற அந்த டிவிஷனின் வலது பேக்குகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

1925 கோடையில் ஆஃப்சைடு விதி மாறியது. அதுவரை பந்து வாங்குபவருக்கும் கோல்கோட்டுக்கும் நடுவே எதிரணியினர் மூன்று பேர் இருக்க வேண்டும், இனி இரண்டு பேர் போதும் என்றார்கள். நாடு முழுக்க கோல்கள் கொட்டின. பிளிமத் அந்த 1925-26 சீசனில் 107 கோல் அடித்தது. கோப்பையை வாங்கிய ரெடிங் அடித்தது 77. முப்பது கோல் அதிகம் அடித்தும் ஒரு புள்ளி குறைவு! இதை வாசித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பிளிமத் ரசிகர்கள் மன்னிக்கட்டும்.

அந்த சீசனில்தான் அந்த விவகாரம்.

1925 அக்டோபர் தொடக்கம். பெல்ஃபாஸ்டில் அயர்லாந்தோடு இங்கிலாந்து ஆட வேண்டும். அன்று இங்கிலாந்து அணிக்கு மேனேஜர் கிடையாது. கால்பந்துச் சங்கத்தின் தேர்வுக்குழு கூடி யார் யார் என்று முடிவு செய்யும். கிளப் நிர்வாகிகளும் சங்கத்துப் பெரியவர்களும் அடங்கிய குழு அது. பாப் ஜாக் லெஸ்லியை அறைக்குக் கூப்பிட்டு, நீ இங்கிலாந்துக்குத் தேர்வாகியிருக்கிறாய் என்றார். மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரருக்கு நாட்டு அணியிலிருந்து அழைப்பு வருவது அபூர்வம். ஊர் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. பத்திரிகையிலும் அவர் பெயர் வந்தது.

அப்புறம் திடீரென்று பேச்சு நின்றுவிட்டது. கிளப்பில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இறுதியில் வந்த பட்டியலில் அந்த இடத்தில் ஆஸ்டன் வில்லாவின் பில்லி வாக்கர் இருந்தார். எந்த விளக்கமும் லெஸ்லிக்குக் கொடுக்கப்படவில்லை.

இதெல்லாம் லெஸ்லி வயதான பிறகு, 1978இல், ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னது. சங்கத்திலிருந்து ஆள் வந்து மறுபடி பார்த்தார்கள், ஆட்டத்தை அல்ல, முகத்தைப் பார்த்தார்கள் என்று காதில் விழுந்ததாகச் சொன்னார். அம்மா ஆங்கிலேயர், அப்பா கறுப்பர், வேறு காரணம் இருக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று. தேர்வான செய்தி கேட்டுப் பெருமையாக இருந்ததா என்றால், இருந்தது, ஆனால் காசு வாங்கிக்கொண்டு கால்பந்து ஆடுகிற ஆளாக இருப்பதே எனக்குப் பெருமைதான் என்கிற பொருளில் ஒரு வரி சொல்லியிருக்கிறார். பாய்லர் பட்டறையிலிருந்து வந்தவரின் பேச்சு அது.

சரி, எதிர்த்தரப்பில் என்ன சொல்லலாம்? பில்லி வாக்கர் லேசுப்பட்ட ஆட்டக்காரர் இல்லை. ஆஸ்டன் வில்லாவின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர், இங்கிலாந்துக்குப் பலமுறை ஆடியவர். மூன்றாம் டிவிஷன் ஆளைவிட முதல் டிவிஷன் ஆளே மேல் என்று குழு கருதியது என்று யாராவது வாதிடலாம். ஆனால் அப்படியானால் முதலில் லெஸ்லி பெயர் எப்படி வந்தது? வந்த பிறகு காயமும் இல்லாமல், ஃபார்மும் குறையாமல் எப்படிப் போனது? அதன் பிறகு ஒன்பது வருடம் கோல் அடித்துக்கொண்டிருந்தவரை ஒருமுறைகூட ஏன் திரும்பிப் பார்க்கவில்லை? சாதாரணப் பாரபட்சம் இப்படித்தான் இயங்கும், கையெழுத்துப் போட்டு நிறம் காரணம் என்று யாரும் எழுதிவைக்க மாட்டார்கள். பட்டியல் மாறும், அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவர்தான் ஐம்பது வருடம் கழித்தும் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

காலம் அப்படி என்று சொல்வதும் எடுபடாது. ஸ்காட்லாந்து 1881இலேயே ஆண்ட்ரூ வாட்சன் என்ற கறுப்பரை கேப்டனாக்கி லண்டனுக்கு அனுப்பி இங்கிலாந்தை 6-1 என்று அடித்துவிட்டுப் போயிருக்கிறது. வேல்ஸ் 1931இல் எடி பாரிஸை ஆட வைத்தது. இங்கிலாந்தில் விவ் ஆண்டர்சன் என்ற கறுப்பர் களமிறங்க 1978 நவம்பர் ஆனது. பக்கத்து நாடுகளால் முடிந்தது இங்கே முடியவில்லை என்றால் காலத்தைக் குறைசொல்லி என்ன பயன்.

1925 அக்டோபர் 24. பெல்ஃபாஸ்டில் அயர்லாந்து, இங்கிலாந்து ஆட்டம் 0-0. அதே நாளில் பிளிமத்தின் ஹோம் பார்க் மைதானத்தில் ஆர்கைல் போர்ன்மத்தை 7-2 என்று தோற்கடித்தது. லெஸ்லி இரண்டு கோல். சினிமாவில் இப்படி வைத்தால் கொஞ்சம் ஓவர் என்று சொல்லியிருப்போம்.

பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தோடு அவர் ஆட்டவாழ்க்கையை மடித்து வைத்துவிடுகின்றன. அவருக்கு அப்போது வயது 24 தான். மீதிதான் நிஜமான கதை.

ஆறு இரண்டாம் இடங்களுக்குப் பிறகு அணி கொஞ்சம் சறுக்கியது. 1927-28இல் மூன்றாவது, அடுத்த வருடம் நான்காவது. இந்த இடத்தில் ஒரு அணி கலைந்து போவதுதான் இயல்பு. வயது ஏறுகிறது, நம்பிக்கை வடிகிறது, மேனேஜரை மாற்று என்று கூச்சல் கிளம்புகிறது. பிளிமத் பாப் ஜாக்கை மாற்றவில்லை. லெஸ்லியையும் பிளாக்கையும் பிரிக்கவில்லை. 1929-30 சீசனில் 42 ஆட்டத்தில் தோற்றது நான்கே நான்கு. 30 வெற்றி, 8 டிரா, 68 புள்ளி, 98 கோல். அந்த வருடம் இரண்டாமிடம் வந்த பிரென்ட்ஃபோர்டு தன் சொந்த மைதானத்தில் 21 ஆட்டம் ஆடி 21இலும் ஜெயித்திருந்தது, ஒரு டிராகூட இல்லை. ஆனாலும் பிளிமத்தைவிட ஏழு புள்ளி குறைவு. எட்டு வருடம் மற்றவர்களிடம் வாங்கியதை ஒரேயடியாகத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கிறது அந்தப் பட்டியல்.

மேலே போன பிறகும் லெஸ்லி மங்கிவிடவில்லை. 1931-32இல் பிளிமத் இரண்டாம் டிவிஷனில் நூறு கோல் அடித்து நான்காம் இடம் பிடித்தது. அதே சீசன் ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. அந்த யுனைடெட் இன்றைய யுனைடெட் இல்லை, காசில்லாமல் தத்தளித்த இரண்டாம் டிவிஷன் கிளப் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த சுற்றில் ஹெர்பர்ட் சாப்மன் மேனேஜராக இருந்த ஆர்சனல், லண்டன் ஹைபரி மைதானம். கூட்டம் 65,000ஐத் தாண்டியது. 4-2 என்று தோற்றார்கள். ஆனால் அந்தக் காலத்தின் தலைசிறந்த அணியிடம், அதன் சொந்த மைதானத்தில், இரண்டு கோல் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள்.

லெஸ்லி அணிக்குக் கேப்டனாகவும் இருந்தார். 1930களின் தொடக்கத்தில் ஒரு நாட்டின் சின்னம் பதித்த சட்டைக்குத் தகுதியில்லாதவர் என்று கருதப்பட்டவர், பத்து வெள்ளையர்களை முன்னின்று களத்துக்கு அழைத்துப்போனார், வாராவாரம். இதைப் பெரிய புரட்சியாக ஊதிக்காட்ட எனக்கு விருப்பமில்லை. பிளிமத்திலும் எதிரணி ரசிகர்களிடமிருந்து வசைகள் வந்தன, பாராட்டி எழுதிய பத்திரிகைகளே அவர் நிறத்தை அடைமொழியாக ஒட்டித்தான் எழுதின. 1925இல் அவர் ஒரு வெள்ளையினப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார், அன்று அது தெருவில் எப்படிப் பார்க்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். ஆனால் பதின்மூன்று வருடம் ஒரே கிளப், ஒரே இடம், அதன் மேல் கேப்டன் பொறுப்பு என்பதை இரக்கத்தால் யாரும் கொடுப்பதில்லை.

ஆட்டவாழ்க்கையை முடித்துவைத்தது கண் காயம். அன்றைய பந்து தோலால் ஆனது, வாயை ஷூ லேஸ் மாதிரி கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மழையில் நனைந்தால் கல் மாதிரி கனக்கும். அந்தக் கயிறு கண்ணில் பட்டுப் பார்வை கெட்டது. 1934-35 சீசனோடு ஓய்வு. கார்ன்வாலில் ட்ரூரோ என்ற ஊரில் சில காலம் பப் நடத்தினார். பிறகு கிழக்கு லண்டனுக்கே திரும்பி, கற்ற பழைய தொழிலான பாய்லர் வேலைக்கே போனார். ஆட்டக்காரர்கள் ஓய்வுக்குப் பின் பட்டறைக்குத் திரும்புவது அன்று அவமானம் அல்ல, வழக்கம்.

அறுபதைத் தாண்டிய பிறகு, வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று வீட்டார் சொல்லி, பக்கத்திலிருந்த வெஸ்ட் ஹாம் கிளப்பில் ஏதாவது வேலை இருக்குமா என்று கேட்கப் போனார். மேனேஜர் ரான் கிரீன்வுட்டுக்கு அவர் யாரென்று தெரிந்திருந்தது. பூட்ஸ் அறையில் வேலை கிடைத்தது. 1966 உலகக் கோப்பையை ஜெயித்த பாபி மூர், ஜெஃப் ஹர்ஸ்ட் பூட்ஸ்களிலிருந்து சேற்றைச் சுரண்டியதும் பாலீஷ் போட்டதும் லெஸ்லியின் கை. அங்கே ஆடிய பெர்முடாக்காரர் கிளைட் பெஸ்ட்டின் பூட்ஸும் அவர் கைக்கு வந்தவைதான். மூன்றாம் டிவிஷன் வரலாறு தெரிந்தவர்கள் தவிர, இந்தக் கிழவர் 400 ஆட்டம் ஆடியவர் என்று அந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

இந்தப் பகுதியை வாசிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இங்கிலாந்துக்கு ஆடியிருக்க வேண்டியவர் இங்கிலாந்து வீரர்களின் பூட்ஸ் துடைத்தாரே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால்பந்து கிளப்பின் வாசனை நடுவே, மண்ணும் தோலும் எண்ணெயும் புழங்கும் அறையில், வாரச் சம்பளத்தோடு ஒரு வேலை. கிட்டத்தட்ட எண்பது வயது வரை அதைப் பார்த்திருக்கிறார். பிடிக்காத வேலையை யாரும் அந்த வயது வரை செய்வதில்லை. 1988இல், 87 வயதில் இறந்தார்.

மீதிக்கதை அண்மையில் நடந்தது. 2020இல் ரசிகர்கள் இருவர் தொடங்கிய பிரச்சாரத்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. பிளிமத் கிளப் தன் நிர்வாகக்குழு அறைக்கு லெஸ்லி பெயரை வைத்தது. 2022 அக்டோபரில் சிற்பி ஆண்டி எட்வர்ட்ஸ் செய்த சிலை ஹோம் பார்க் வாசலில் திறக்கப்பட்டது. 2023 மார்ச்சில், உக்ரைனுடன் இங்கிலாந்து ஆடிய நாளில், வெம்ப்லி மைதானத்தில் லெஸ்லி குடும்பத்தாரிடம் கால்பந்துச் சங்கம் ஒரு கௌரவத் தொப்பியைக் கொடுத்தது. நாட்டுக்கு ஆடியவர்களுக்குத் தரும் அந்தத் தொப்பி, 98 வருடம் தாமதமாக. குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதியாக இருந்திருக்கும், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தத் தொப்பி சங்கத்தின் கணக்கைச் சரிசெய்கிற தொப்பி என்றுதான் நினைக்கிறேன். லெஸ்லி பக்கத்துக் கணக்கில் பாக்கி எதுவும் இருக்கவில்லை.

சாமி பிளாக்கையும் ஸ்காட்லாந்து ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவர் வெள்ளையர். கூப்பிட்டுவிட்டு வேண்டாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை என்பதால் இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்த மூலையில் ஆடியவர்கள் எவ்வளவு கோல் அடித்தாலும் கண்ணில் படவில்லை என்பதற்கு அதுவும் சாட்சி. ஹோம் பார்க்கில் அடுத்த சிலை வைக்க யாராவது பணம் திரட்டினால் முதல் ஆளாக நானும் கொஞ்சம் போடுவேன். சாமி பிளாக்குக்கு. லெஸ்லிக்கு இடதுபக்கம் பந்தை வாங்க ஆளே இல்லாமல் விட்டு வைத்திருப்பது, அந்த அணியின் ஆட்டமுறை தெரிந்த யாருக்கும் தப்பாகத்தான் படும்.